முதலில் எடையைக் கேளுங்கள்

"கார் பைத்தியம் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படியானால் சொல்லுங்கள்: நல்ல கார் எது? பெரிய எஸ்யூவியும் பிக்கப்பும் நிஜமாகவே பாதுகாப்பா? கையால் கியர் மாற்றும் வண்டிக்கு இனி வேலை உண்டா? நல்ல டிரைவர் என்று யாரைச் சொல்வீர்கள்?" இதுதான் கேள்வி. நாலாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

புது வண்டி ஒன்று வந்தால் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு மைலேஜ், திரை எத்தனை அங்குலம். நான் தேடுவது வெற்று எடை, அதாவது ஆளும் சரக்கும் ஏறாத வண்டியின் எடை. விளம்பரத்தாளில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், டிக்கி கொள்ளளவுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வண்டி எப்படித் திரும்பும், எப்படி நிற்கும், டயர் எத்தனை நாள் உழைக்கும் என்பதில் பாதியை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 1,200 கிலோ கார். நாலு டயருக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 300 கிலோ. டயரில் காற்று 32 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக வந்துவிடும்: 130 சதுர சென்டிமீட்டர் சொச்சம், விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு. நாலு டயரையும் கூட்டினாலும் ஒரு ஏ4 தாள் நிரம்பாது. ஆக்சிலரேட்டர், பிரேக், ஸ்டியரிங் என்று நீங்கள் செய்கிற எல்லாமே அந்தத் தாள் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. எஞ்சினில் 700 குதிரைத்திறன் இருந்தாலும் 70 இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அந்தத் தாளுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்பதை எடைதான் முடிவு செய்கிறது.

எடையைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1959ல் வந்த மினி காரைப் பாருங்கள். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியில், எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே செருகினார். சக்கரத்தை 10 அங்குலமாகச் சுருக்கினார். மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய நீளத்தில் நாலு பேர் உட்கார முடிந்தது. எடை 600 கிலோவை ஒட்டி. பெட்ரோலை மிச்சப்படுத்தப் பிறந்த வண்டி அது. ஆனால் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்றுவிட்டது. பலமான வண்டிகள் நேர்ச்சாலையில் சம்பாதித்ததையெல்லாம் இது வளைவுகளில் பிடுங்கிக்கொண்டது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னொன்று. 1989ல் வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன் சுமார், எடை ஒரு டன்னுக்குக் கீழே. காகிதத்தில் பார்த்தால் மிரட்சி தர ஒன்றுமில்லை. ஆனால் 2016க்குள் பத்து லட்சம் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. பழைய எம்எக்ஸ்-5 ஒன்றை ஒரு மதியம் மட்டும் ஓட்டக் கிடைத்தது. அறுபதில் ஒரு சாதாரணத் திருப்பம். சாலை ஓரத்தில் தார் பெயர்ந்த ஒரு சின்ன விளிம்பில் இடது முன் சக்கரம் ஏறி இறங்கியது. அது எனக்குக் காதில் கேட்கவில்லை, விரல்நுனியில் தெரிந்தது. அதன்பிறகு ஓட்டிய பல வேகமான வண்டிகளில் அந்தச் செய்தி ஸ்டியரிங்குக்கு வந்து சேரவே இல்லை. பலத்தில் கால்வாசியை மட்டும் பயன்படுத்தி ஒரு பெரிய வண்டியை ஓட்டுவதைவிட, சின்ன வண்டியை முழுசாகப் பிழிந்து ஓட்டுவதே சுகம் என்பது என் கட்சி. இதில் சண்டைக்கு வருபவர்கள் நிறைய, வரட்டும்.

வண்டிகள் ஏன் கனத்துப் போயின? 1974ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 800 கிலோ அளவில் இருந்தது. இப்போது அதே பெயரில் வருவது 1,300 கிலோவை ஒட்டுகிறது. இந்த அரை டன்னை முழுக்க வீண் சதை என்று சொல்லமாட்டேன். மோதினால் முன்னும் பின்னும் நசுங்கி, நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற யோசனை மெர்சிடிஸில் வேலை செய்த பேலா பாரென்யியுடையது; 1959ல் அது விற்பனைக்கு வந்த காரில் நிஜமானது. அதே ஆண்டுதான் வால்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார், நிறுவனமும் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் எல்லாரும் பயன்படுத்த விட்டது. ஏர்பேக், கதவுக்குள் இரும்புத் தடி, கெட்டியான தூண்கள் எல்லாம் உயிரைக் காக்கும் எடை. அந்தக் கிலோக்களோடு எனக்குத் தகராறு இல்லை. மின்சாரத்தில் ஓடும் மசாஜ் சீட், 21 அங்குலச் சக்கரம், கண்ணாடிக் கூரை, அதைத் தூக்கிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் இரும்பு: இவற்றோடுதான் தகராறு. கண்ணாடிக் கூரை இன்னும் மோசம், எடையைக் கொண்டுபோய் வண்டியின் உச்சியில் வைக்கிறது.

சரி, எஸ்யூவி. பெரிய வண்டி பாதுகாப்பு என்பது பொய் இல்லை, பாதி உண்மை. 2,000 கிலோ வண்டியும் 1,000 கிலோ வண்டியும் ஆளுக்கு 50 கிமீ வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து, பெரிய வண்டி வந்த திசையிலேயே ஏறக்குறைய 17 கிமீ வேகத்தில் நகரும். அதாவது பெரிய வண்டியில் இருப்பவருக்கு ஒரு நொடியின் சின்னப் பங்குக்குள் 33 கிமீ குறைகிறது. சின்ன வண்டியில் இருப்பவருக்கோ 67 கிமீ மாறுகிறது. உடம்பு வாங்கும் அடி இந்த மாற்றத்தைப் பொறுத்தது. ஆகவே பெரிய வண்டிக்காரர் தப்பிப்பது உண்மைதான், அதற்கான விலையை எதிரே வந்தவர் கட்டுகிறார். புளியமரமோ பாலத் தூணோ எதிரே இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. உங்கள் எடையை நீங்களேதான் தாங்க வேண்டும்.

மோதலுக்கு முன்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது: மோதாமல் தப்பிப்பது. அங்கே உயரமும் எடையும் எதிர்க்கட்சி. 1997ல் ஸ்வீடனில் ஒரு மோட்டார் இதழ் அப்போதுதான் வந்திருந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸை மூஸ் சோதனைக்கு உட்படுத்தியது. சாலையில் திடீரென்று மூஸ் மான் வந்தால் சட்டென்று ஒரு பக்கம் வெட்டி, உடனே பழைய பாதைக்குத் திரும்ப வேண்டும். ஏ கிளாஸ் உருண்டுவிட்டது. அது எஸ்யூவிகூட இல்லை, சின்ன வண்டிதான். ஆனால் நெட்டையான வண்டி. மெர்சிடிஸ் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பியை எல்லா ஏ கிளாஸிலும் பொருத்தியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் அந்த நுட்பம் அவர்களுடைய விலையுயர்ந்த எஸ் கிளாஸில் அறிமுகமாகியிருந்தது. அது சாதாரணக் கார்களுக்கு வேகமாக இறங்கி வந்ததில் அந்தக் குட்டிக்கரணத்துக்கும் பங்கு உண்டு.

ஏழு பேர் போக வேண்டும், சாலை மோசம், டிரெய்லர் இழுக்க வேண்டும் என்றால் எஸ்யூவி வாங்குங்கள், ஒரு குறையும் இல்லை. "உயரமாக உட்கார்ந்தால் எல்லாம் தெரிகிறது" என்பதற்காக மட்டும் என்றால் ஒரு குழந்தையை பானெட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் இருப்பது தெரியும்.

பிக்கப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. (நம் பேச்சில் பிக்கப் என்றால் வண்டி சட்டென்று வேகம் எடுப்பது. நான் சொல்வது பின்னால் திறந்த பெட்டி வைத்த வண்டியை.) ஃபோர்டு எஃப் வரிசை 1948லிருந்து வருகிறது, டொயோட்டா ஹைலக்ஸ் 1968லிருந்து. ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் தனியாக உட்காரும் பாடி, பெரும்பாலானவற்றில் பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். முழு லோடு ஏற்றினாலும் முறியாமல் இருக்க வேண்டும் என்று போட்ட ஸ்பிரிங் அது. வெறும் பெட்டியோடு ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், ஈரச் சாலையில் திருப்பத்தில் பின்சக்கரம் லேசாக வழுக்கும், ஏனென்றால் அங்கே டயரை அழுத்திப் பிடிக்க எடையே இல்லை. 300 கிலோ ஏற்றிப் பாருங்கள், அதே வண்டி அடங்கி, கனிந்து ஓடும். வேலைக்குப் பிறந்த வண்டி சும்மா இருந்தால் முரண்டு பிடிக்கும். அதை வாங்கி ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் போய்வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், வண்டியைப் பார்த்து.

லாரிக்கு வருகிறேன். கார் பிரியர்கள் பலரும் லாரியை சாலையில் குறுக்கே நிற்கும் ஒரு தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஓட்டுவது என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தது லாரிதான்.

40 டன் வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அதை அப்படியே வெப்பமாக்கினால் 400 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு போய்விடலாம். கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனை சூட்டையும் சக்கரங்களில் இருக்கும் சில பிரேக் டிரம்கள் வாங்க வேண்டும். டிரம் விரிகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது, மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிளெஸ்ஸி கம்மின்ஸுக்கு இது 1931ல் நேர்ந்தது. டீசல் லாரி ஒன்றில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும்போது கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் விட்டுப்போய், கீழே தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்த சரக்கு ரயிலிடமிருந்து மயிரிழையில் தப்பினார். அந்தப் பயம் அவரை விடவில்லை. பின்னாளில் எஞ்சின் பிரேக் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1961ல் அது ஜேக்கப்ஸ் நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. பிஸ்டன் காற்றை நன்றாக அழுத்தி முடிக்கும் தருணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அழுத்துவதற்குச் செலவான ஆற்றல் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது, எஞ்சினுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. இழுக்கும் எஞ்சின் அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தும் எஞ்சினாக மாறிவிடுகிறது.

அந்த நுட்பம் எதுவும் இல்லாத ஒரு பழைய ஆறு சக்கர லாரியில், கருங்கல் லோடோடு, ஒருமுறை மலை இறங்கினேன். டிரைவருக்குப் பக்கத்தில் நான். இறக்கம் தொடங்க இன்னும் நூறு மீட்டர் இருக்கும்போதே அவர் கியரைக் குறைத்துவிட்டார். எஞ்சின் அலறியது. "அண்ணே, இன்னும் இறக்கமே வரலையே" என்றேன். "வந்தப்புறம் கியர் விழாது தம்பி. கால் பிரேக்கு நிறுத்துறதுக்கு. இறக்கறதுக்கு இல்ல" என்றார். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய விதியைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் வயிற்றில் உறைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்னால் இரண்டு நொடி அழுத்தி மிதிப்பார், அப்புறம் காலை முழுசாக எடுத்துவிடுவார். லேசாக மிதித்தபடியே இறங்கமாட்டார். டிரம் ஆறுவதற்கு இடைவெளி வேண்டுமாம்.

இதை மறந்ததற்கு நான் தனியாக ஒருமுறை கட்டணம் கட்டினேன். என் சொந்தக் காரில் பிரேக் ஆயில் ஆறு ஆண்டுப் பழசு. சர்வீஸ் விட்ட இடத்தில் ஒவ்வொரு தடவையும் "அளவு சரியா இருக்கு சார்" என்பார்கள், நானும் தலையாட்டிவிட்டு வருவேன். அளவு சரிதான், ஆனால் அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில், சோம்பேறித்தனமாக டாப் கியரிலேயே பிரேக்கைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. திரவம் கொதித்து ஆவிக் குமிழியாகிவிட்டால் கால் அமுக்குவது வெறும் குமிழியைத்தான். இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பல் பல்லாக இழுத்து ஒரு மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். எஞ்சின் ஆயிலுக்குக் காட்டும் பக்தியில் பாதியை நாம் பிரேக் ஆயிலுக்குக் காட்டலாம்.

லாரியைப் பற்றி இன்னும் ஒன்று. 500 குதிரைத்திறன், 40 டன்: டன்னுக்கு 12.5 குதிரைதான் வருகிறது. சாதாரண சின்னக் காருக்கே டன்னுக்கு 80, 100 இருக்கும். நீங்கள் ஒரு லாரிக்கு முன்னால் குறுக்கே புகுந்து பிரேக் அடித்தால், அவர் இழந்த வேகத்தைத் திரும்பச் சம்பாதிக்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். அவர் ஹாரன் அடிப்பது கோபத்தில் மட்டும் இல்லை.

இப்போது ஓட்டுவது. பிரேக் மிதித்தால் எடை முன் டயர்களுக்குப் போகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்னால் போகிறது, வலது பக்கம் திருப்பினால் இடது டயர்களில் ஏறுகிறது. ஓட்டுவது என்பதே என்னைப் பொறுத்தவரை இந்த எடையை அந்த ஏ4 தாளின் மேல் மெல்ல நகர்த்துவதுதான். பதறி ஒரே நேரத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கேட்டால் தாளின் ஒரு மூலைக்கு மட்டும் அதிக வேலை விழுகிறது, அங்கே பிடி விடுகிறது. ஆகவே வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போகும்போது ஸ்டியரிங்கை ஒரே ஓட்டமாகத் திருப்புங்கள், வெளியே வழி தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டர். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பள்ளத்தில்தான் இறங்குவீர்கள்.

வேகத்தைப் பற்றிய ஒரு எண் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. இரண்டு ஒரே மாதிரிக் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. ஒன்று 100ல், இன்னொன்று 120ல். ஒரே புள்ளியில் இரண்டும் முழு பிரேக் போடுகின்றன. 100ல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தை மற்றது எவ்வளவு வேகத்தில் கடக்கும்? இருபது, முப்பது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விடை 66. ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் வரும் வினை இது. டிரைவர் சுதாரிக்க எடுக்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. 100ல் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்விடும். தொடுதிரையில் ஏசியைக் குறைக்கும் பொத்தானைத் தேடி இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 56 மீட்டர் குருட்டு ஓட்டம். திருகு பொத்தானைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் திரைக்குள் போட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கையால் போடும் கியர்? கணக்குப்படி அது தோற்றுவிட்டது. நல்ல இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மனிதக் கையைவிட வேகமாக மாற்றும், புது ஆட்டோமேட்டிக்குகள் மைலேஜிலும் பின்தங்குவதில்லை. நெரிசலில் தினம் இரண்டு மணி நேரம் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டோமேட்டிக் வாங்கலாம். ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்பவர் ஒரு ஆண்டாவது கிளட்ச் வண்டியில் இருக்கட்டும். ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்திப் பார்த்தவருக்கு எடை என்றால் என்னவென்று கால் வழியாகவே தெரிந்துவிடும்.

மின்சாரக் கார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மிதித்தவுடன் கிடைக்கும் இழுவை, காலை எடுத்தாலே வேகம் குறைந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது, எடை தரையோடு தரையாக இருப்பது எல்லாம் எனக்குப் பிடிக்கும். அந்த லாரி டிரைவர் எஞ்சினை வைத்துச் செய்ததை இங்கே மோட்டார் தானாகவே செய்துவிடுகிறது. பிடிக்காதது மொத்த எடை. ஹம்மர் மின்சாரப் பிக்கப் நாலு டன்னைத் தாண்டுகிறது. பேட்டரி மட்டுமே 1,300 கிலோவுக்கு மேல். இரண்டு பழைய மினியை அடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. சின்ன பேட்டரி, சின்ன வண்டி, ஒரு டன்னைச் சுற்றி எடை என்று வருகிற வண்டிக்கு முதல் வரிசையில் நான் நிற்பேன்.

நல்ல டிரைவர் யார் என்ற கடைசிக் கேள்விக்கு அந்த மலை இறக்கத்துக்கே போகிறேன். அடிவாரம் வந்ததும் அவர் ஓரம் கட்டினார். நிற்பதற்குக் கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கை லேசாகத் தளர்த்தியிருக்க வேண்டும், டேஷ்போர்டில் செங்குத்தாக நின்ற என் தண்ணீர் பாட்டில் அசையக்கூட இல்லை. இறங்கிப்போய் ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் தொடாமல் புறங்கையைக் காட்டிப் பார்த்தார். இடது பின்பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருந்தார். "இது ஒண்ணு மட்டும் அதிகமா பிடிக்குது" என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கையைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.